சாமிக்குக் கீழே இருந்த மிஷின்

என் பெயர் ஐயாசாமி. வயது பத்தொன்பது. ஜொகூரில், செனாயிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ரப்பர்த் தோட்டத்தில், அக்கா செல்லம் வீட்டில் இருக்கிறேன். ஊரில் இருக்கும் அப்பாவுக்கும் உங்களுக்கும் இந்தக் கடிதத்தை நான் வாயால் சொல்கிறேன். செனாயில் லோரி ஓட்டும் முனீர் பாய் எழுதுகிறார். நான் கத்துகிற இடத்திலெல்லாம் அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "மொதல்ல தண்ணியக் குடி தம்பி" என்கிறார். தண்ணீர் குடித்தால் போகிற கோபம் இல்லை இது.

கங்காணி செல்லப்பன், கப்பல் ஏறி ஊர் திரும்பிய ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பிய செய்தி இந்நேரம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஆயுத பூஜைக்கு முன்னால் செல்லம் சாமி மேடையைப் பிரித்தாள், முருகன் படத்தைக் காலால் உதைத்தாள், அதற்காக அப்பா நம் ஊர் மாரியம்மன் வாசலில் எல்லோர் முன்னாலும் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவர் அவர். நம் ஊரில் பாதிப் பேருக்கு அவர் சொல்தான் மலாயா. நம்பிவிடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன். உதைக்கவில்லை. நான் ஒரு முழம் தள்ளி நின்றேன். கையால் தூக்கினாள்.

எதற்குத் தூக்கினாள் என்று கேளுங்கள்.

இங்கே நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயம் ஆற்றுக்கு ஒரு பக்கம். ரோடு, ஃபேக்டரி, ஸ்டோர், மருந்து கொடுக்கும் டிரெஸர் வீடு எல்லாம் மறுபக்கம். நடுவில் ஓடும் ஆறு நல்ல நாளில் இடுப்பளவு கூட இல்லை. மழைக்காலத்தில் அதைப் பார்க்கவே பயமாக இருக்கும் என்கிறார்கள். போன வருஷம் அதன் மேலே கிடந்த மரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்போது நான் வரவில்லை. அக்காவின் மூத்த பிள்ளை புஷ்பவள்ளி காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும்தான் உங்களுக்குச் சொன்னார்கள். காய்ச்சல் பாதி, ஆறு பாதி. டிரெஸர் அக்கரையில் நின்றுகொண்டு, "ஈரத் துணி போடு, ஈரத் துணி போடு" என்று கத்தினாராம். மருந்து பாட்டிலைத் துணியில் சுற்றி, கல்லோடு கட்டி வீசினாராம். அது நடு ஆற்றில் விழுந்ததாம். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அது விழுந்ததைப் பார்த்தபடி நின்றாளாம். வயிற்றில் அப்போது இன்னொன்று. அந்தப் பயல்தான் இப்போது தவழ்கிறான்.

அந்த வெள்ளத்துக்கு முன்பே பாலம் கட்டப் பழைய துரை மரமெல்லாம் இறக்கிவிட்டாராம். பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் சீமைக்குப் போய்விட்டார். மரம் ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. இந்த வருஷம் வந்த புதுத் துரை, மழைக்கு முன்னால் பாலம் நின்றாக வேண்டும் என்று அக்கா வீட்டுக்காரர் தங்கராஜு மாமாவிடம் சொன்னார். தோட்டத்துத் தச்சு வேலை மாமாவுடையது. அவருக்குக் கை உதவி நான் ஒருவன்தான்.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கால் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். தண்ணீரில் கிடந்தாலும் அழுகாது. ஆனால் உளி இறங்காது. நம் ஊர் வேப்ப மரத்தில் போடுவது போல நினைத்துக் கொட்டாப்புளியால் ஓங்கிப் போட்டால் உளியின் வாய் மடங்கிப்போகும். ஒவ்வொரு தூணின் தலையிலும் நாக்கு எடுத்து, குறுக்குச் சட்டத்தில் துளை போட்டு, நாக்கைத் துளைக்குள் இறக்கி முளை அடிக்க வேண்டும். ஆணி மட்டும் அடித்தால் வெள்ளம் ஆட்டுகிற ஆட்டத்துக்குப் பிடுங்கிக்கொள்ளும் என்பார் மாமா. காலையில் தொடங்கினால் ஒரு துளை முடிவதற்குள் வெயில் சாய்ந்துவிடும். மாமாவின் மணிக்கட்டு வீங்கிப் புடலங்காய் போல ஆகிவிட்டது. ராத்திரி சோற்றை இடது கையால் சாப்பிட்டார். அக்கா அதைப் பார்த்தாள்.

வாய் மடங்கிய உளிகளைக் காய்ச்சி அடிக்கச் செனாய்க்கு எடுத்துப் போனேன். கொல்லர் பட்டறைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில்தான் முனீர் பாயைப் பார்த்தேன். உளி மூட்டையைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார்.

"அலமாக்! கையாலயா போடுறீங்க? பேசாம அந்த மிஷினப் போட்டு இழுக்க வேண்டியதுதானே?"

"எந்த மிஷினு பாய்?"

"ஜொகூர் மரக்கிடங்குல பாத்திருக்கேன் தம்பி. சைக்கிள் சங்கிலி மாதிரி, ஆனா பல்லு வச்ச சங்கிலி. ஒரு தட்டையான நாக்கச் சுத்தி ஓடும். ரெண்டு பேரு தூக்கிக்கிட்டுப் போய் மரத்து மேல உக்கார வச்சுக் கரண்டு குடுத்து அழுத்துனா, கருவாட்டுத் துண்டு வெட்டுன மாதிரி சதுரமா எறங்கிடும். மரத்தத் தூக்கிக்கிட்டு மிஷின்கிட்டப் போவ வேணாம். மிஷினத் தூக்கிக்கிட்டு மரத்துக்கிட்டப் போவலாம்."

"அது எங்க கிடைக்கும்? துரைகிட்டச் சொல்லி வாங்க முடியுமா?"

பாய் தேநீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "நீ எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"அடப் பாவிங்களா. உங்க தோட்டத்துக்கு நான்தானே ஏத்திக்கிட்டு வந்தேன்! ஜொகூர் ஸ்டேஷன்லேர்ந்து. ஜெர்மன்காரன் செஞ்ச மிஷினு. போன வருஷம் உங்க ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முந்தி. பொட்டியோட ஒரு பலக விட்டுப்போயி, நானே ஆணி அடிச்சு ஒட்ட வச்சேன். உங்க கங்காணிதான் எறக்கிக்கிட்டாரு."

அன்றைக்கு ஓடியே வந்தேன். ஸ்டோரில் சாக்கு அடுக்கப் போகிறேன் என்று சொல்லி உள்ளே போய்த் தேடினேன். உரச் சாக்கு, ரப்பர் ஷீட், பால் வாளி, மண்ணெண்ணெய் டின், மண்வெட்டி, எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். பெட்டி இல்லை. விற்றுவிட்டாரா என்று கூட நினைத்தேன். கங்காணியிடம் கேட்கப் பயம். என் கப்பல் டிக்கெட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

மறுநாள் பாய் அரிசி மூட்டை இறக்க ஸ்டோருக்கே வந்தார். மூட்டையை இறக்கிவிட்டு உள்ளே சுற்றிப் பார்த்தார். ஸ்டோரின் மூலையில் சாமி மேடை இருக்கிறது. சிவப்புத் துணி போர்த்தி, மேலே முருகன் படம், பக்கத்தில் ஒரு சின்ன வேல், முன்னால் விளக்கு. தினமும் காலையில், பெரட்டில் ஆள் கணக்கெடுத்துப் பேர் போடுவதற்கு முன்னால், கங்காணி அங்கே கற்பூரம் காட்டுவார். நானும் கும்பிட்டிருக்கிறேன். பாய் அதற்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துணியின் கீழ் ஓரத்தில் சுருக்கம் விழுந்த இடத்தை விரலால் காட்டினார்.

"தம்பி, அந்தத் துணியக் கொஞ்சம் ஒதுக்கு. நான் தொட மாட்டேன். பாய் தொட்டான்னு நாளைக்கு வேற கத கட்டுவாங்க."

ஒதுக்கினேன். பலகை. அதில் கோணலாக வளைந்த ஒரு ஆணி.

"இது நான் அடிச்ச ஆணிதான் லா" என்றார் பாய். "வளஞ்சது கூட அப்படியே இருக்கு."

ஒரு வருஷமாக அந்த மிஷினைத்தான் எல்லோரும் கும்பிட்டிருக்கிறோம். ஆயுத பூஜைக்கு மேடை போட உயரமாக ஏதாவது வேண்டியிருந்திருக்கிறது. புதிதாக வந்த பெட்டி பார்க்கச் சதுரமாக இருந்திருக்கிறது. வைத்துவிட்டார். வைத்த பிறகு சாமி உட்கார்ந்த இடம் ஆகிவிட்டது. யாரும் தொடவில்லை. ஆர்டர் போட்ட துரை சீமைக்குப் போனார். புதுத் துரைக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது.

நான் கங்காணியிடம் போனேன். கேட்டேன்.

"மிஷினு இருக்குன்னு தெரியுமா கங்காணியாரே?"

வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "தெரியாம என்னடா? மிஷினும் ஆயுதந்தானே. அதான் பூஜையில வச்சேன். எடுத்துக் குடுன்னு எவனாச்சும் கேட்டானா?"

"இப்ப நாங்க கேக்குறோம்."

"இப்ப கேட்டா? சாமி ஒரு வருஷம் ஒக்காந்த எடம். ஒரசுனா தோட்டத்துக்கே ஆகாது. இந்த வருஷ பூஜ முடியட்டும். அப்புறம் ஐயரக் கூட்டியாந்து நாள் பாத்து, வேற எடத்துல சாமிய எறக்கிட்டு எடுக்கலாம். ஒங்க மாமன் உளியெல்லாம் கூடப் பூஜைக்குக் கொண்டாந்து வச்சுரச் சொல்லு."

"மழ வந்துருமே."

"மழையக் குடுக்கறவரும் அவருதான். போடா."

துரையிடம் போகலாம் என்று மாமாவிடம் சொன்னேன். துரை ஜொகூருக்குப் போயிருக்கிறார், வர நாளாகும், வந்தாலும் கங்காணியைத் தாண்டிக் கூலிக்காரன் பங்களா படி ஏறினால் அடுத்த கப்பலில்தான் நிற்பான் என்றார் மாமா. "வெளிய சொல்லாத. ஒங்கக்காகிட்ட சொல்லவே சொல்லாத" என்றார்.

நான் சொன்னேன். சாயங்காலம் அக்கா வாசலில் உட்கார்ந்து பயலுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கிறவரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை.

"எப்ப வந்துச்சாம் அந்தப் பொட்டி?"

"போன வருஷம் ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முந்தி."

"மரமும் அப்பவே கெடந்துச்சு" என்றாள். பயலை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, "புஷ்பா போனது கார்த்திகையில" என்றாள். பயலைத் தோளில் போட்டுத் தட்டினாள். பால் குடித்த பிள்ளை ஏப்பம் விட்டதும் உள்ளே போய்விட்டாள். நான் சொன்னதே தப்போ என்று அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை.

விடிகாலையில் பெரட்டுக்குப் போகும்போது தண்ணீர் நாங்கள் நடக்கிற ஒற்றைப் பலகையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. மேலே எங்கேயோ மழை. ஸ்டோர் வாசலில் எல்லோரும் நின்றோம். கங்காணி உள்ளே கற்பூரம் காட்டிவிட்டுத் தட்டோடு வந்தார். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். அக்காவிடம் தட்டு வந்தது. அவள் தொடவில்லை. பயலைப் பக்கத்தில் நின்ற வெள்ளையம்மாவின் கையில் கொடுத்தாள். தலையில் கட்டிய துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே ஸ்டோருக்குள் போனாள்.

"ஏ புள்ள! எங்க போற?" கங்காணி பின்னால் ஓடினார். நானும் ஓடினேன்.

அக்கா மேடைக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். ஆமாம், கும்பிட்டாள். அதையும் எழுதுங்கள் பாய். அப்புறம் விளக்கை எடுத்து ஓரமாகத் தரையில் வைத்தாள். வேலை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். படத்தை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ஏய் செல்லம்! வைய்யி! கைய எடு! வீட்டுக்கு ஆகாதுடி!"

"என் வீட்டுக்கா?" அக்கா திரும்பினாள். "என் வீட்டுக்கு ஆகாதது போன வருஷமே ஆயிருச்சு கங்காணியாரே. உங்க சாமிக்கு ஒக்காரப் பலக கெடைக்கலியா? எம் புள்ள பாலந்தான் கெடைச்சுதா?"

"சாமிய இழுக்காத!"

"நான் சாமிய ஒண்ணும் சொல்லல. அவரா வந்து இந்தப் பொட்டி மேல ஏறி ஒக்காந்தாரு? நீங்கதானே தூக்கி வச்சீங்க? வச்ச கையாலயே வாங்கிக்குங்க. இந்தாங்க."

படத்தை அவர் மார்பில் வைத்துவிட்டாள். அவர் தட்டை என்னிடம் தள்ளிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டார். பிடிக்காவிட்டால் விழுந்து உடையும். பிடித்த பிறகு கீழே வைக்கவும் முடியவில்லை, அவர் தரையில் வைப்பாரா? யாரிடமாவது கொடுக்கலாம் என்று பார்த்தார். யாரும் கை நீட்டவில்லை. முருகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். திட்ட வாய் திறந்தால் வெற்றிலை எச்சில் படத்தின் மேல் விழுந்துவிடும். அதனால் திட்டவும் முடியவில்லை. வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"டே ஐயாசாமி, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? அந்தப் பக்கம் புடி" என்றாள் அக்கா.

எனக்குக் கங்காணியிடம் பயம், சாமியிடம் பயம், மாமாவிடம் பயம். ஆனாலும் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தேன். பெட்டி நகரவில்லை. அப்போது பின்னாலிருந்து இரண்டு கை வந்து அடியில் கொடுத்தது. மாமா. வீங்கிய கையில் துணி சுற்றியிருந்தார். "ஒரே தம்முல தூக்குங்க" என்றார். தூக்கினோம்.

பெட்டியைப் பிரித்தபோது மேலே ஒரு வருஷமாக எரிந்த விளக்கின் எண்ணெய் இடுக்கு வழியாக வடிந்து எண்ணெய்த் தாளெல்லாம் ஊறியிருந்தது. மிஷின் புதுசு போல இருந்தது. பாய் சொன்னது போலவே பல் வைத்த சங்கிலி, தட்டை நாக்கு, தூக்க இரண்டு பக்கமும் பிடி. பழைய துரை ஃபேக்டரி டைனமோவுக்கு ஏற்றபடிதான் வாங்கியிருந்தார். நீள வயரும் அதே பெட்டியில் இருந்தது. பாய் லோரியை நிறுத்திவிட்டு வந்து, மரக்கிடங்கில் பார்த்ததை நினைவில் வைத்து எங்கே எண்ணெய் விட வேண்டும், எப்படிப் பூட்ட வேண்டும் என்று காட்டினார். எஞ்சின் ஓட்டுகிறவர் கரண்டு கொடுத்தார்.

மாமா கோடு போட்ட இடத்தில் மிஷினை வைத்துப் பூட்டி அழுத்தினார். அந்தச் சத்தத்தை என்னால் சொல்ல முடியாது. நாய்கள் ஓடிவிட்டன. சிவப்புத் தூள் பீய்ச்சி அடித்தது. நிறுத்தித் தூக்கிப் பார்த்தால் துளை. நாலு மூலையும் நேர். உளியால் கீழ் மூலையை மட்டும் கொஞ்சம் சரி செய்ய வேண்டியிருந்தது. நாங்கள் ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற துளை, வெற்றிலை மடித்துப் போடுகிற நேரத்தில்.

மாமா துளைக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவுதானா என்று வந்தது. இவ்வளவு சுலபமா? இது போன வருஷம் அந்தச் சிவப்புத் துணிக்குக் கீழே கிடந்ததா? அக்கா மரத்துக்குப் பக்கத்தில் நின்று தூளை ஒரு கை அள்ளினாள். பார்த்தாள். கீழே போட்டுவிட்டு ரப்பர் மரம் சீவப் போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பேர் போடவில்லை கங்காணி, ஒரு நாள் கூலி போயிற்று.

துரை திரும்பி வந்தபோது தூண்கள் நின்றுவிட்டன. மிஷினைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கங்காணி முன்னால் வந்து, "நாந்தான் துரை, பத்தரமா வச்சிருந்தேன். சாமி எண்ணெ பட்டுத்தான் துருப் புடிக்காம இருக்கு" என்றார். கணக்கு எழுதும் கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை தலையாட்டிவிட்டு, "குட் மேன்" என்று கங்காணியின் தோளைத் தட்டினார். நான் அங்கேதான் நின்றேன். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதற்குத்தான் இப்போது இப்படிக் கத்துகிறேன். பாய் மறுபடியும் தண்ணீர் கொடுக்கிறார்.

மழை வந்தது. ஆறு வந்தது. பாலம் நிற்கிறது. தண்ணீர் தூணில் மோதித் திரும்புகிறது. நாக்கு துளைக்குள் முனகுகிற சத்தம் மட்டும் லயம் வரைக்கும் கேட்கும். போன வாரம் பயலுக்கும் உடம்பு சுட்டது. அக்கா என்னை எழுப்பவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. விடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தில் நடந்து போனாள். டிரெஸர் மருந்து கொடுத்தார். நடந்து திரும்பி வந்தாள். அவ்வளவுதான். பயல் இப்போது என் மடியில் இருந்து பாயின் பேனாவைப் பிடுங்குகிறான்.

கங்காணியும் தினமும் அந்தப் பாலத்தில்தான் குடை பிடித்துக்கொண்டு போகிறார். அவர் வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான் போகிறார்கள். ஆனால் லயத்தில் ஒரு கோழி செத்தாலும், ஒருவன் கால் தடுக்கினாலும், செல்லம் சாமியை எடுத்தாள் என்று அவர் வாயிலிருந்துதான் முதலில் வருகிறது. பூஜை அன்றைக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. சிரித்தார்களே அந்தப் பெண்கள், அவர்களும் இப்போது குழாயடியில் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி நிற்கிறார்கள். அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டு வருகிறாள். எனக்குத்தான் பயம். நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ன சொல்வார்களோ என்று.

அப்பா போய் விழுந்துவிட்டால் உதைத்தது உண்மை என்று ஆகிவிடும். புஷ்பவள்ளி போனதும் அக்காவின் பாவத்தால்தான் என்று ஆகிவிடும். அப்புறம் அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இதைப் படித்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அப்பாவிடம் சத்தமாக, அவருக்குக் காது மந்தம், சத்தமாகச் சொல்லுங்கள்: மாரியம்மனைக் கும்பிடட்டும், செல்லத்துக்காக மன்னிப்பு மட்டும் கேட்க வேண்டாம்.